ஒரு கரண்டி உறை

நெல்லையப்பன் சார் துள்ளி அடித்த பந்து வலையைத் தாண்டி, எதிரணியின் தலைகளைத் தாண்டி, முதல் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியில் மோதி விழுந்தது. கார் நிறுத்துமிடமே ஆர்ப்பரித்தது. போன பொங்கலுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்த மனிதர். வயது எழுபத்திரண்டு. இப்போது தரையிலிருந்து ஒரு சாண் எழும்புகிறார்.

"அவுட்டு!" என்று கத்தினார் தங்கதுரை அண்ணாச்சி. குடியிருப்பின் செயலாளர் அவர்தான். எதிரணித் தலைவரும் அவரே.

"கண்ணு அவிஞ்சிட்டா ஓய்? கோட்டுக்கு உள்ள."

"வேட்டியில பட்ட பந்து எந்த ஊருல ஓய் உள்ள? பி.டி. வாத்தியாரா இருந்தா விதியையும் நீரே எழுதுவீரோ?"

தரைத்தளத்து வீட்டு ஜன்னலில் நின்ற தமயந்தி டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. திரும்பிப் பார்த்து, "பாத்தியளா அந்த அடியை?" என்று சொல்ல ஆள் இல்லை. கணவர் இளங்கோ புரட்டாசியிலேயே போய்விட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து பாளையங்கோட்டையில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. தமயந்தி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இளங்கோ பூகோளம். இந்தியாவின் நதிகளையெல்லாம் வரைபடமில்லாமல் கரும்பலகையில் ஓடவிட்ட மனிதருக்கு, கடைசி இரண்டு வருடங்களில் தொடை கரைந்து முழங்காலை விடச் சிறுத்துப்போனது. பேச்சும் கூடவே கரைந்தது. சாயங்காலமானால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்.

அந்த நாட்களில்தான் டாக்டர் ஷபானா வந்தாள். சென்னைப் பெண்; முப்பது வயதிருக்கும். எல்லோரையும் கீழே கூட்டிவைத்து விளக்கினாள்.

"காயம் பட்டா அந்த இடம் சிவந்து வீங்குது இல்லையா? அதுக்கு அழற்சின்னு பேர். வயசாக ஆக, காயமே இல்லாம அது உடம்பு பூரா தங்கிடுது. மெலிசா, வருஷக்கணக்கா. பொரிச்ச பலகாரம், தீட்டின அரிசி, சர்க்கரை எல்லாம் அதை இன்னும் தூண்டிவிடுது. அது ஒரு பக்கம் தசையைக் கரைக்குது. இன்னொரு பக்கம் மனசைக் கீழே இழுக்குது."

"ஒரே திருடன் ரெண்டு வீட்டுல கன்னம் வைக்கானா?" என்று கேட்டார் இளங்கோ. பல மாதங்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது.

"அதேதான் சார்! எங்க தயிர்ல ஒரு நுண்ணுயிரி இருக்கு. ஆய்வகத்துல உருவாக்கினது. குடல்ல உக்காந்து திருடனைப் பிடிக்கும். பிடிக்கும்னு நம்பறோம். அதைச் சோதிக்கத்தான் வந்திருக்கேன்."

பாதி வீடுகளுக்கு அந்த நுண்ணுயிரி உள்ள தயிர், பாதி வீடுகளுக்கு வெறும் தயிர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வீட்டில் உறை ஊற்றிப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஏழெட்டுத் தடவைக்கு மேல் வீரியம் நிற்காது என்பதால் மாதாமாதம் ஆய்வகத்திலிருந்து புதிது வரும். எல்லோருக்கும் ஒரே நடைப்பயிற்சி, ஒரே சாப்பாட்டு யோசனை. முழங்கைக்குக் கீழே விரலகலத்தில் ஒரு பட்டை ஒட்டினார்கள். அழற்சி மிகுந்திருந்தால் அது சிவப்பு, தணியத் தணிய மஞ்சள், அடங்கிவிட்டால் பச்சை. "இந்தத் தயிரை வேற வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது" என்று டாக்டர் மூன்று தடவை சொன்னாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் இரண்டாம் மாடியில் ஒரு கை மஞ்சளானது. பிறகு நெல்லையப்பன் சார். அப்புறம் மளமளவென்று மாடி மாடியாகப் பரவியது. ஊன்றுகோல்கள் கதவுக்குப் பின்னால் போயின. பேசாமல் கிடந்தவர்கள் சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், வலை கட்டினார்கள். இளங்கோவின் பட்டை மட்டும் சிவப்பாகவே இருந்தது. தமயந்தியுடையதும்தான். "எனக்கு வந்தது வெறுந்தயிர் போல" என்று இளங்கோ சொல்லிக்கொண்டார். புரட்டாசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்புவதற்குக்கூட விலாவில் சதை இருக்கவில்லை.

அன்றைக்குப் பந்தாட்டம் முடிவதற்குள் டாக்டர் ஷபானா வந்து கதவைத் தட்டினாள். முகம் செத்திருந்தது. டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"யார் யாருக்கு எதுங்கறதைப் பிரிச்சுப் பார்த்துட்டாங்க மேடம். நிஜத் தயிர் சாப்பிட்டவங்களும் தேறியிருக்காங்க, வெறும் தயிர் சாப்பிட்டவங்களும் அதே அளவு தேறியிருக்காங்க. வித்தியாசமே இல்லை. நடந்ததாலயும் பந்தாடினதாலயும் தேறிட்டாங்க, தயிருக்கு ஒரு மகிமையும் இல்லைன்னு குழு முடிவு பண்ணிடுச்சு. இந்த மாசத்தோட நிறுத்தறாங்க. தாய் உறையையும் அழிச்சிடுவாங்க."

"தயிரால இல்லேன்னா நிறுத்துனா என்ன? இவங்க இப்படியே இருப்பாங்கல்லா?"

"இருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது. ஆனா தோணுறது ஆதாரம் இல்லையே."

தமயந்தி ஜன்னல் வழியே பார்த்தாள். நெல்லையப்பன் சார் குனிந்து பந்தை எடுத்தார்.

"பி.டி. சாருக்கு வந்தது எது?"

டாக்டர் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "வெறும் தயிர்."

தமயந்திக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. கடினமான கணக்கு ஒன்று பிடிகொடுக்கிற நேரத்தில், சாக்பீஸைத் தேடிக் குறுகுறுக்குமே, அந்தக் குறுகுறுப்பு. அவள் வீடு படிக்கட்டுக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்து வருடக்கணக்காக ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறாள். எவர்சில்வர் டம்ளர்கள். மேலேயிருந்து கீழே, எதிர்வீட்டிலிருந்து மூன்றாம் மாடிக்கு, தட்டு மூடிய டம்ளர்கள், அவள் வாசலைத் தாண்டித் தாண்டி.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "கோமதி! இங்கன ஒரு நிமிஷம் வாங்க."

நெல்லையப்பன் சாரின் மனைவி கோமதி எதிர்வீட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"உங்க வீட்டுத் தயிரை யாருக்காவது குடுத்தியளா?"

"ஐயோ, கையெழுத்துல்லா போட்டிருக்கோம்! ஒரு சொட்டு குடுக்கல டாக்டரம்மா."

"உறை?"

"உறை குடுக்காம எப்படி டீச்சர்? பாலைக் காய்ச்சி ஆறவச்சிட்டு டம்ளரோட வந்து நிக்காவ. இல்லேன்னு சொல்லுததா? வெள்ளிக்கிழமை குடுக்க மாட்டேன், விளக்கு வச்ச பொறவு குடுக்க மாட்டேன், அம்புட்டுதான்."

"வாங்குனது?"

"எங்க வீட்டுல தயிரு புளிச்சா நானும் வாங்குவேன். ரெண்டாம் மாடி மரகதத்துக்கிட்ட வாங்குனேன். அவ தயிரு கட்டியா, கத்தி வச்சு வெட்டலாம் பாத்துக்கிடுங்க."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டாள். "தயிரைக் கொடுக்கக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னேனே!"

"தயிரை எங்க குடுத்தோம்?" கோமதி உண்மையிலேயே குழம்பினாள். "ஒரு கரண்டி உறைதானே? அதைப் போயி யாராவது தயிரும்பாங்களா?"

அப்புறம் படிக்கட்டே கச்சேரியானது. டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி மாடியாகக் கேட்டாள். மேலிருந்து ஒரு குரல், கீழிருந்து ஒரு குரல். "நான் அண்ணாச்சி வீட்டுல வாங்குனேன்." "அண்ணாச்சி வீட்டுல என்கிட்டல்லா வாங்குனாவ!" "ஏட்டி, என் உறைதான் அம்புட்டு பேரு வீட்டுலயும் இருக்கு, பெருமையா பேசுதா பாரு." ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும் கொடுத்திருந்தார்கள், எல்லோரும் வாங்கியிருந்தார்கள். ஆய்வகத்தில் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. இங்கே யாருக்கும் இது சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை.

டாக்டர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து தமயந்தியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எல்லார் வயித்துலயும் நிஜம் போயிருக்கு மேடம்! அதான் வித்தியாசம் தெரியல!" சட்டென்று அவள் குரல் தழைந்தது. "ஆனா அது போகாத ஆள் ஒருத்தராவது வேணுமே. அதே நடை, அதே சாப்பாடு, அந்த நுண்ணுயிரி மட்டும் இல்லாம. இல்லேன்னா குழு ஒத்துக்காது."

தமயந்தி முன்பே முழங்கையை நீட்டியிருந்தாள். பட்டை சிவப்பு.

"எங்க வீட்டுக்கு வந்தது?"

டாக்டர் பார்த்தாள். "வெறும் தயிர். ரெண்டு பேருக்கும்." நிமிர்ந்தாள். "உங்களுக்கு யாரும் உறை தரலையா?"

"இல்ல."

"நீங்க கேட்கலையா?"

"குடிவந்த புதுசுல ஒரு வீட்டுல கேட்டேன். தீந்துட்டுன்னாவ. சட்டி நிறையத் தயிரு அவ்வொ பின்னாலதான் இருந்துச்சு."

"ஏன்?"

"சாதிதான் டாக்டர். எங்க வீட்டுப் பாத்திரம் அவங்க அடுக்களைக்குள்ள போகாது. மத்தபடி மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. டீச்சர் டீச்சர்னு வாய் நிறையக் கூப்பிடுவாங்க."

சொல்லும்போதும் அவளுக்குள் அந்தக் குறுகுறுப்பு ஓயவில்லை. விடை வந்துவிட்டது! எவ்வளவு சுத்தமான விடை! இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உடம்பு லேசாக இருந்தது. அந்த உற்சாகத்திலேயே திரும்பினாள், ஜன்னலோர நாற்காலியிடம் சொல்ல. அப்போதுதான் விடையின் மறுபாதி அவளை வந்து தாக்கியது.

ஒரு கரண்டி. அத்தனை டம்ளர்களில் ஒன்று இந்த வாசலில் நின்றிருந்தால் போதும்.

டாக்டர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள்.

மறுநாள் குழுவின் பதில் வந்தது. டாக்டர் நேரில் வந்து சொன்னாள். உறை பரவியதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த அம்மாள் இன்னும் ஆறு மாதம் இப்படியே, யாரிடமும் உறை வாங்காமல் இருக்கச் சம்மதித்தால், அதுவரை சோதனை தொடரும். இல்லையென்றால் நிறுத்தம்தான்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க மேடம்" என்றாள். "கேட்கிற எனக்கே வெக்கமா இருக்கு."

சேதி எப்படித்தான் மாடி ஏறுமோ. மத்தியானமே தங்கதுரை அண்ணாச்சி வந்துவிட்டார். குடிவந்ததிலிருந்து அவர் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. இளங்கோ இறந்தபோதும் வாசலில்தான் மாலையோடு நின்றார். இன்றைக்கு உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"டீ குடிக்கியளா அண்ணாச்சி?"

"வேண்டாம் டீச்சர், சுகரு."

"சீனி போடாமத் தாரேன்."

"இப்பதான் குடிச்சேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர் மனசு வைக்கணும். ஆறு மாசந்தானே. இத்தனை நாளும் அது இல்லாமத்தான இருந்திய?"

"ஆமா, இருந்தேன். எங்க வீட்டு சாரும் இருந்தாவ."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அவர் கையில் பட்டை பச்சையாக மின்னியது. "என் வீட்டுக்காரி ரெண்டு வருஷமா எழுந்திரிக்காம கிடந்தா டீச்சர். இப்ப கோலம் போடுதா" என்றார். அது பொய்யில்லை. அவர் போனபின் தமயந்தி வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

கதவு திறந்திருந்ததால் கோமதி தட்டவில்லை. கையில் தட்டு மூடிய ஒரு டம்ளர்.

"பிடிங்க டீச்சர்."

"என்ன கோமதி இது? இதை நான் தொட்டா என்ன ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும்."

"பி.டி. சாரு திரும்ப நாற்காலியில உக்காந்துருவாவ."

"அவ்வொதான் குடுத்துவிட்டாவ." கோமதி டம்ளரை நீட்டியபடியே நின்றாள். "நேத்து ராத்திரி பூரா தூங்கல. 'இளங்கோவும் நானும் ஒரே ஸ்கூல்ல இருந்தோம்ட்டி, அவன் ஜன்னல்ல உக்காந்து நான் பந்தடிக்கதைப் பாத்துட்டே செத்திருக்கான், கொண்டு குடுத்துட்டு வா, எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும்'னு சொல்லுதாவ. எனக்குப் பயமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா கொண்டாந்துட்டேன்."

தமயந்தி டம்ளரைப் பார்த்தாள். வாங்கினால் ஆதாரம் அழியும். வாங்காவிட்டால் ஆறு மாதம் அவள் தானே விரும்பித் தீண்டப்படாதவளாக இருக்கவேண்டும், தீண்டாதவர்களின் நலத்துக்காக. ஒரே ஒரு வீடு. ஒரு புள்ளி. ஒற்றைப் புள்ளியை வைத்து எந்தக் கோடும் வரைய முடியாது. குழு சொன்னது கணக்குப்படி சரிதான். இன்னொரு புள்ளி இருந்தால்...

உள்ளங்கை மறுபடியும் குறுகுறுத்தது.

"கோமதி, உள்ள வந்து உக்காருங்க. அதை மேசையில வைங்க." போனை எடுத்தாள். "டாக்டர்! இந்தச் சோதனை எத்தனை இடத்துல நடக்குது?"

"தமிழ்நாடு பூரா, நாப்பது குடியிருப்புல."

"எல்லா எடத்துலயும் இதே மாதிரிதான் எல்லாருமே தேறினாங்களா?"

"ஆமா. அதான் குழு..."

"தேறாதவங்க?"

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம். "ஒவ்வொரு இடத்துலயும் ஒன்னு ரெண்டு பேர் சிவப்பாவே இருந்தாங்க. கணக்குக்கு ஒத்துவரலைன்னு அவங்களை ஒதுக்கி வெச்சுட்டோம்."

"அது எங்க எல்லாருக்கும் பழக்கம்தான்" என்றாள் தமயந்தி. குரலில் சிரிப்பு ஏறியிருந்தது. "கேளுங்க டாக்டர். அந்த வீடுகளுக்குப் போயி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. உங்க குடியிருப்புல யாருகிட்ட உறை வாங்குதீங்கன்னு. வேற ஒன்னும் கேக்காதீங்க. யாருகிட்டயும் இல்லேன்னுதான் சொல்லுவாங்க. அவங்க பானையைச் சோதிச்சா உங்க நுண்ணுயிரி இருக்காது. அவங்க ஏற்கெனவே இத்தனை மாசம் இல்லாமத்தான் இருந்திருக்காங்க. இன்னும் ஆறு மாசம் யாரும் காத்துக் கிடக்க வேண்டாம். உங்களுக்கு வேணுங்கற ஆதாரம் பூராவும் நீங்க ஒதுக்கிவச்ச பக்கத்துலதான் இருக்கு!"

"மேடம்..." டாக்டர் எதையோ கீழே போட்டு உடைத்த சத்தம் கேட்டது. "மேடம், நான் இப்பவே, ஐயோ, நான் அப்புறம் கூப்பிடறேன்!"

கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் டீச்சர் கண் பளபளக்கிறதைப் பார்த்து அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பதில்கள் நாலைந்து நாளில் வந்து குவிந்தன. டாக்டர் ஒவ்வொன்றாகப் போனில் கத்தினாள். ஓசூரில் ஒரு துப்புரவு மேற்பார்வையாளர் தம்பதி. விழுப்புரத்தில் ஒரு விதவை நர்ஸ். மதுரையில் ஒரு குடியிருப்பில் நேபாளத்துக் காவலாளி. கரூரில் எல்லோரோடும் தண்ணீருக்குச் சண்டை போட்டு யாரோடும் பேசாத ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார். தஞ்சாவூரில் ஒருவருக்குத் தயிர் வாசனையே ஆகாதாம். வந்த தயிரையெல்லாம் செடிக்கு ஊற்றியிருக்கிறார். மற்றவர்கள் பெரும்பாலும் தமயந்தி நினைத்த வீடுகள்தான். அவர்கள் பானைகளில் அந்த நுண்ணுயிரி இல்லை. நாற்பது இடத்திலும் சிவப்பு மாறாத வீடும் உறை போகாத வீடும் ஒன்றாக இருந்தன. குழுவுக்குப் பேச வாயில்லை. தாய் உறை பிழைத்தது.

டாக்டர் புட்டியோடு நேரில் வந்தாள். "புதுசு மேடம். நேரா ஆய்வகத்துல இருந்து. முதல்ல உங்களுக்குத்தான்."

"வைங்க டாக்டர். எனக்கு வேற இருக்கு."

கோமதி கொடுத்ததைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். அன்றைக்குப் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் ஆறவிட்டு, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். இளங்கோவின் நாற்காலிக்குப் பக்கத்தில், காற்றுப்படாத மூலையில், சட்டியை மூடி வைத்தாள்.

காலையில் திறந்தால் சாய்த்தாலும் அசையாத கட்டித் தயிர். ஒரு ஓரமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். புளிப்பு சரியாக இருந்தது. வேண்டாமென்று நினைத்தும் அழுகை வந்தது. அழுதுவிட்டு இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கோமதியாக இருக்கும் என்று திறந்தாள். நின்றது தங்கதுரை அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள். இரண்டு வருடம் படுத்துக்கிடந்த கால்களால் நாலு மாடி இறங்கி வந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. கையில் காலி டம்ளர்.

"டீச்சர், ஒரு கரண்டி உறை இருக்குமா? எங்க வீட்டுல தீந்துட்டு."

பொய். நேற்று மாலைதான் ஆய்வகத்து வண்டி எல்லா மாடிக்கும் புதுப் புட்டி கொடுத்துவிட்டுப் போனது. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கியதைத் தமயந்தி ஜன்னலிலிருந்து பார்த்தாள். தமயந்திக்கு அது தெரியும் என்றுதான் உலகம்மாளின் கண்ணும் சொன்னது. வெளியே பந்து சுவரில் மோதும் சத்தமும், "உள்ள ஓய், உள்ள!" என்ற கூச்சலும் கேட்டன.

தமயந்தி டம்ளரை வாங்கினாள். தன் வீட்டுச் சட்டியிலிருந்து, தன் வீட்டுக் கரண்டியால், விளிம்பு வரைக்கும் அள்ளிப் போட்டாள்.

"இம்புட்டு எதுக்கு டீச்சர், ஒரு கரண்டி போதும்லா?"

"சாப்பிட்டும் பாருங்க" என்றாள் தமயந்தி. "டம்ளரைத் திருப்பிக் கொண்டாரும்போது எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்."

உலகம்மாள் அங்கேயே, வாசலிலேயே நின்று, ஆள்காட்டி விரலால் ஒரு தொடு தொட்டு நாக்கில் வைத்தாள்.